முதுமையும் மருந்தின் அளவும்

நோய் வயது பார்த்து வருவதில்லை என்று சொல்வார்கள். அது எல்லா நோய்க்கும் பொருந்துவதன்று. இரத்தப் புற்றுநோய் வகைகளுள் ஒன்று பெரும்பாலும் முதியோரையே நாடி வருகிறது. வைத்தியர்கள் அதனை அக்யூட் மைலோயிட் லியூக்கீமியா என வழங்குவர். அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இந்நோய் கண்டறியப்படும்போது நோயாளருள் ஏறத்தாழச் சரிபாதிப் பேர் 68 வயதைக் கடந்தவர்களாய் இருக்கின்றனர். ஆனால் இந்நோய்க்கென வகுக்கப்பட்ட சிகிச்சையோ நெடுங்காலமாக இளையோரின் உடலையே மனத்திற் கொண்டு வகுக்கப்பட்டதாய் இருந்தது. முதியவருக்கு நோய், இளையவருக்கு மருந்து என்ற இம்முரண்பாடு எவ்வாறு தளர்ந்தது என்பதையும், அதற்கு வழிதிறந்த தொடக்கநிலைச் சோதனைகள் எத்தகையன என்பதையும், அவற்றின் முடிவுகளை எவ்வாறு மதித்தல் தகும் என்பதையும் எடுத்துரைப்பதே இப்பேச்சின் நோக்கம்.

முதலில் நோயின் தன்மையை அறிந்து கொள்ளல் வேண்டும். எலும்புகளின் உள்ளே இருக்கும் என்பு மச்சையே குருதிக் கலங்கள் பிறக்கும் இடம். பிராணவாயுவைச் சுமந்து செல்லும் செங்குழியங்களும், நோய்க்கிருமிகளோடு போராடும் வெண்குழியங்களும், காயத்தில் குருதி உறைவதற்குத் துணைசெய்யும் சிறுதட்டுக்களும் அங்கேதான் உருவாகின்றன. லியூக்கீமியா நோயில் முதிர்ச்சியடையாத வெண்குழியங்கள் கட்டுக்கடங்காது பெருகி, மச்சை முழுவதையும் தமதாக்கிக் கொள்கின்றன. வயலிற் களை மண்டினால் பயிர் மெலிவதுபோல, நல்ல கலங்கள் பிறக்க இடமில்லாது போகிறது. அதனாலேயே நோயாளி வெளிறிச் சோர்கிறார்; காய்ச்சல் விடாது தொடர்கிறது; பல் ஈறுகளிலிருந்து குருதி கசிகிறது. 1845ஆம் ஆண்டில் எடின்பரோவில் ஜோன் ஹியூஸ் பெனற்றும் பேர்லினில் ருடோல்ப் வேர்க்கோவும் தனித்தனியே இத்தகைய நோயாளரின் குருதியை விவரித்தனர். வெண்குருதி எனப் பொருள்படும் லியூக்கீமியா என்ற பெயரை 1847இல் வழங்கியவர் வேர்க்கோ ஆவார்.

இந்நோயின் உக்கிர வகைக்கு வலிமையான சிகிச்சை ஒன்று 1973ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. சைட்டராபின் என்ற மருந்தை ஏழு நாட்களும், டோனோரூபிசின் என்ற மருந்தை மூன்று நாட்களும் நரம்புவழி செலுத்துவது அதன் முறை. மருத்துவ உலகில் இதற்கு ‘ஏழும் மூன்றும்’ என்றே பெயர். மச்சையிலுள்ள தீய கலங்களை அழிக்கும்போது நல்ல கலங்களும் உடன் அழிந்துபடும். பின்னர் சில வாரங்கள் காத்திருந்தால் நல்ல கலங்கள் மீண்டும் தளிர்க்கும் என்பது இதன் அடிப்படை. இளையவரின் உடல் அந்தச் சில வாரங்களைத் தாங்கிக் கொள்ளும். எழுபத்தைந்து வயதுடையவரின் இருதயமும் சிறுநீரகமும் அவ்வளவு தாங்குவன அல்ல. கிருமித்தொற்று ஒன்று குறுக்கிட்டால் நோய் கொல்வதற்கு முன்னரே சிகிச்சை கொன்றுவிடக்கூடும். அதுவுமன்றி, முதியோரிடம் காணப்படும் லியூக்கீமியாக் கலங்கள் பலவற்றில் நிறமூர்த்த மாற்றங்கள் மிகுந்திருத்தலால், அவை மருந்துக்கு எளிதில் இணங்குவதுமில்லை. ஆகவே முதியவர் பலருக்கு எஞ்சியிருந்தவை குருதியேற்றுதலும், நோவு தணித்தலும், ஆறுதல் மொழியுமே.

இதனினும் வருந்தத்தக்க செய்தி ஒன்று உண்டு. புதிய மருந்துகளை ஆராய்ந்தவர்கள் பெரும்பாலும் வயதில் குறைந்தவர்களையும், வேறு நோய் இல்லாதவர்களையுமே தம் சோதனைகளிற் சேர்த்தனர். காரணம் தீய எண்ணமன்று. பலவீனமானவரைப் பாதுகாத்தலே நோக்கம். ஆனால் அதன் விளைவு, முதியவருக்கு எந்த மருந்து எவ்வளவு பொருந்தும் என்ற அறிவு வளராமற் போனதேயாகும். பாதுகாப்பு என்ற பெயரால் ஒருவரை வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டால், உள்ளே சமைக்கப்படும் உணவு அவருக்கு ஏற்குமா என்பதை எவர் அறிவார்?

ஒரு மருந்து போதாதபோது இரண்டைச் சேர்த்துக் கொடுத்தல் மருத்துவத்திற்குப் புதிதன்று. காசநோய்க்கு ஸ்ரெப்ரோமைசின் தனியே கொடுக்கப்பட்டபோது கிருமிகள் விரைவில் அதனை எதிர்க்கக் கற்றுக் கொண்டன. வேறு மருந்துகளையும் உடன் சேர்த்த பின்னரே அந்நோய் பணிந்தது. குழந்தைகளின் லியூக்கீமியாவிலும் இதே பாடம் கிடைத்தது. 1948இல் பொஸ்ரன் நகரத்து வைத்தியர் சிட்னி பார்பர், அமினோப்ரரின் என்ற மருந்தால் குழந்தைகளின் நோய் சில காலம் தணிந்ததை அறிவித்தார். அம்மருந்தை ஆக்கித் தந்த ஆய்வுகூடத்தின் பணிகளை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியிற் பயின்ற எல்லாப்பிரகத சுப்பாராவ் என்பது நினைவு கூரத்தக்கது. ஆயினும் தணிந்த நோய் மீண்டும் தலைதூக்கிற்று. 1960களின் தொடக்கத்தில் எமில் பிறை, எமில் பிறையறைக் என்ற இரு அமெரிக்க வைத்தியர்கள் நான்கு மருந்துகளை ஒருங்கே கொடுக்கத் துணிந்தனர். அன்று தொடங்கிய பாதையின் பயனாக இன்று செல்வ நாடுகளில் அக்யூட் லிம்போபிளாஸ்ரிக் வகை லியூக்கீமியா கண்ட குழந்தைகளுட் பத்தில் ஒன்பது பேர் அளவில் பிழைத்து வாழ்கின்றனர்.

ஆனால் குழந்தையின் உடல் ஏற்ற கூட்டுச் சிகிச்சையை முதியவரின் உடல் ஏற்காது. மருந்துகள் சேரும்போது நன்மை மட்டுமன்றித் தீங்கும் சேர்ந்துவிடுகிறது. எனவே முதியோருக்குத் தேவைப்பட்டது வன்மை மிக்க இரண்டு மருந்துகளின் கூட்டன்று. ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பக்கூடிய, ஓரளவு மென்மையான இரண்டின் கூட்டு.

அவற்றுள் முதலாவது அசாசிட்டிடின். இது 1964ஆம் ஆண்டில் அன்றைய செக்கோசிலோவாக்கியாவின் பிராக் நகரத்து இரசாயன அறிஞர்களால் ஆக்கப்பட்டது. தொடக்கத்தில் இதனைப் பெரிய அளவிற் கொடுத்துக் கலங்களைக் கொல்ல முயன்றனர். சிறிய அளவிற் கொடுத்தால், அடைபட்டுக் கிடக்கும் சில பரம்பரையலகுகளை இது மீண்டும் இயங்கச் செய்கிறது என்பது பின்னரே தெளிவாயிற்று. 65 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களிடம் இதனை ஆராய்ந்த பெரிய சோதனையொன்றின் முடிவு 2015இல் வெளிவந்தது. வழக்கமான சிகிச்சை பெற்றோருட் சரிபாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 6.5 மாதங்கள், அசாசிட்டிடின் பெற்றோரிடையே அது 10.4 மாதங்கள். எனினும் அவ்வேறுபாடு தற்செயலாய் நேர்ந்ததன்று என அறுதியிட்டுக் கூறக் கணித நெறி இடந்தரவில்லை. நம்பிக்கை இருந்தது, நிறைவு இல்லை.

இரண்டாவது மருந்து வெனெட்டோகிளாக்ஸ். இதன் வரலாறு அவுஸ்திரேலியாவின் மெல்பேண் நகரத்தோடு தொடர்புடையது. உடற்கலங்கள் காலம் வந்ததும் தம்மைத் தாமே அழித்துக்கொள்ளும் இயல்புடையன. மரம் தன் இலையை உதிர்ப்பது போன்றது இது. இந்த ஒழுங்கான மடிவுக்கு 1972இல் அப்பொப்ரோசிஸ் என்ற பெயர் இடப்பட்டது. 1988ஆம் ஆண்டில் மெல்பேணைச் சேர்ந்த டேவிட் வோக்ஸ், சூசன் கோரி, ஜெரி அடம்ஸ் என்போர், பி.சி.எல். 2 என்னும் பரம்பரையலகு கலங்களை விரைந்து பெருகச் செய்வதில்லை. அவற்றைச் சாகவிடாது காக்கிறது என்று காட்டினர். புற்றுநோய் என்பது பெருக்கத்தின் மிகுதி மட்டுமன்று, மடிய மறுத்தலும் ஆகும் என்ற உண்மை அன்று புலனாயிற்று. பி.சி.எல். 2 புரதத்தைப் பற்றிக்கொண்டு, கலம் தன் முடிவை ஏற்கும்படி செய்யும் மருந்தே வெனெட்டோகிளாக்ஸ். இது வாயால் உட்கொள்ளும் குளிசை. நாட்பட்ட வகை லியூக்கீமியா ஒன்றிற்கு 2016இல் அமெரிக்காவில் இது அனுமதிக்கப்பட்டது. ஆனால் உக்கிர மைலோயிட் வகையுடைய 32 நோயாளருக்கு இதனைத் தனியே கொடுத்துப் பார்த்தபோது, நோய் தணிந்தவர்கள் நூற்றுக்குப் பத்தொன்பது பேர் அளவினரே. தனித்து நின்று வெல்ல இம்மருந்தால் இயலவில்லை.

இனி, இவ்விரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்ற வினா எழுவது இயல்பு. அவ்வினாவை நோயாளரிடம் முதன்முதலாக ஆராய்வதே தொடக்கநிலைச் சோதனை. இது என்ன என்பதை நேயர்கள் தெளிவாக உணர்ந்து கொள்ளுதல் நன்று. முதற்கட்டச் சோதனை, ‘இம்மருந்து நோயைத் தீர்க்குமா?’ என்று கேட்பதில்லை. ‘இந்த உடல் இம்மருந்தை எவ்வளவு தாங்கும்?’ என்பதே அதன் தலையாய கேள்வி. பெரிதும் கையாளப்படும் ஒரு முறையின்படி மூவருக்கு ஒரு சிறிய அளவு கொடுக்கப்படும். மூவருள் எவருக்கும் கடுந்தீங்கு நேராவிடின் அடுத்த மூவருக்குச் சற்று உயர்ந்த அளவு. ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இருவருக்கு நேர்ந்துவிட்டால் அதற்குமேல் ஏறுவதில்லை. ஆழம் அறியாத ஆற்றிற் கோலூன்றி நடப்பவனைப்போல, ஒவ்வோர் அடியாகவே அறிவு முன்செல்கிறது.

அவ்வச்சம் வீணான அச்சமன்று. நாட்பட்ட லியூக்கீமியாவில் வெனெட்டோகிளாக்ஸை ஆராய்ந்த முற்காலச் சோதனைகளில், தீய கலங்கள் ஒரே வேளையிற் சிதைந்து, அவற்றின் உள்ளடக்கம் குருதியிற் கலந்து, சிறுநீரகத்தையும் இருதயத்தையும் தாக்கியதால் மரணமும் நேர்ந்தது. மருந்து வேலை செய்யாமையால் அன்று, மிக விரைவாக வேலை செய்தமையால் நேர்ந்த இறப்பு அது. அப்பாடத்தைக் கற்றதனாலேயே இன்று முதல் நாள் 100, இரண்டாம் நாள் 200, மூன்றாம் நாள் 400 மில்லிகிராம் எனப் படிப்படியாக ஏற்றுகின்றனர்; அந்நாட்களிற் குருதியை அடிக்கடி சோதிக்கின்றனர்.

அமெரிக்காவின் ஹூஸ்ரன் நகரிலுள்ள எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையத்தைச் சேர்ந்த டாக்டர் கோட்னி டினாடோவும் பிறரும் நடத்திய கூட்டுச் சோதனை 2014இன் இறுதியில் நோயாளரைச் சேர்க்கத் தொடங்கிற்று. இதில் சேர்ந்தோர் அனைவரும் 65 வயதோ அதற்கு மேலோ ஆனவர்கள். முன்னர் சிகிச்சை பெறாதவர்கள். வன்மையான சிகிச்சைக்கு ஏற்றவரல்லர் எனக் கருதப்பட்டவர்கள். வாசலுக்கு வெளியே நிறுத்தப்பட்டிருந்தவர்களுக்காகவே இச்சோதனை வகுக்கப்பட்டது என்பதே இதன் சிறப்பு. சிலருக்கு வெனெட்டோகிளாக்ஸோடு அசாசிட்டிடினும், சிலருக்கு அதன் இனத்தைச் சேர்ந்த டெசிட்டாபினும் கொடுக்கப்பட்டன. வெனெட்டோகிளாக்ஸ் நாளொன்றுக்கு 400, 800, 1200 மில்லிகிராம் என மூன்று அளவுகளில் ஆராயப்பட்டது. மிகுந்த அளவே சிறந்த அளவு என எண்ணுவோர்க்கு இதன் முடிவு வியப்பளிக்கும். மூன்றனுள் குறைந்ததாகிய 400 மில்லிகிராமே மேலே செல்லத் தெரிந்தெடுக்கப்பட்டது. நோய் தணிதலும் உடல் தாங்குதலும் ஆகிய இரண்டும் அவ்வளவிலேயே நன்கு ஒத்துவந்தன.

இன்னொரு நுட்பமும் இச்சோதனையில் ஆராயப்பட்டது. வெண்குழியங்கள் குறைந்திருக்கும் நோயாளரைப் பூஞ்சணத் தொற்று எளிதிற் பற்றுமாதலால், பொசகொனசோல் போன்ற காப்பு மருந்துகளை அவர்களுக்குக் கொடுப்பதுண்டு. அம்மருந்தோ ஈரல் வெனெட்டோகிளாக்ஸை மாற்றியழிக்கும் செயலைத் தடுக்கிறது. அதனால் குருதியில் வெனெட்டோகிளாக்ஸ் தேங்கிப் பெருகுகிறது. இன்றைய மருத்துவக் குறிப்பின்படி பொசகொனசோலும் உட்கொள்பவருக்கு 400 மில்லிகிராமுக்குப் பதிலாக 70 மில்லிகிராமே போதும். முதியவர் பலர் ஒரே வேளையிற் பல மருந்துகளை உண்பவர்கள் என்பதை நினைத்தால், இத்தகைய அறிவு எத்துணை இன்றியமையாதது என்பது விளங்கும். வைத்தியரிடம் தாம் உட்கொள்ளும் மருந்துகள் எல்லாவற்றையும், நாட்டு மருந்துகள் உட்பட, மறையாது சொல்லுதல் வேண்டும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டியதில்லை.

2018இல் வெளிவந்த முதல் அறிக்கை 57 பேரைப் பற்றியது. அவருள் 35 பேருக்கு நோய் தணிந்து, மச்சையில் தீய கலங்கள் மிக அருகின. 2019இல் வந்த விரிந்த அறிக்கையில் 145 பேர். அவர்தம் வயதுகளின் நடு அளவு 74. நூற்றுக்கு 67 பேருக்கு நோய் தணிந்தது. சரிபாதிப் பேர் உயிரோடிருந்த காலம் 17.5 மாதங்கள். அஞ்சப்பட்ட கலச்சிதைவு விபத்து ஒருவருக்கும் நேரவில்லை. ஆறுதல் மொழியைத் தவிர வேறொன்றும் பெறாதிருந்தோர்க்கு இது பெரிய செய்தியே. 2018 நவம்பரில் அமெரிக்க அரசாங்கம் இக்கூட்டுச் சிகிச்சைக்குத் தற்காலிகமானதோர் அனுமதியை அளித்தது. மேலும் ஒரு பெரிய சோதனையால் இது நிறுவப்படல் வேண்டும் என்பது அவ்வனுமதியின் கருத்து.

ஏன் அந்த நிபந்தனை? தொடக்கநிலைச் சோதனையில் ஒப்பிட்டு நோக்க வேறொரு குழு இல்லை. சேர்ந்தவர்கள் மற்ற நோயாளரைவிடச் சற்றுத் திடமானவராய் இருந்திருக்கலாம். ஆகவே 431 நோயாளரைக் கொண்ட மூன்றாங்கட்டச் சோதனை நடைபெற்றது. எல்லாருக்கும் அசாசிட்டிடின் கொடுக்கப்பட்டது. அதனோடு ஒரு சாராருக்கு வெனெட்டோகிளாக்ஸும், மற்றவர்க்கு மருந்தற்ற குளிசையும் கொடுக்கப்பட்டன. யாருக்கு எது என்பதைக் குலுக்கல் முறையே தீர்மானித்தது. நோயாளரும் அறியார், வைத்தியரும் அறியார். 2020இல் முடிவு வெளிவந்தது. கூட்டு மருந்து பெற்றோருட் சரிபாதிப் பேர் வாழ்ந்த காலம் 14.7 மாதங்கள், மற்றவரிடையே 9.6 மாதங்கள். தொடக்கநிலை காட்டிய 17.5 மாதம் பெரிய சோதனையில் 14.7 ஆகக் குறைந்ததைக் கவனித்தல் வேண்டும். நம்பிக்கை பொய்க்கவில்லை; ஆனால் அதன் உண்மையான உயரம் தெரிந்தது. அதன் விலையும் தெரிந்தது. வெண்குழியங்கள் குறைந்து காய்ச்சல் காணும் ஆபத்து, கூட்டு மருந்து பெற்றோரிடையே நூற்றுக்கு 42 பேருக்கும், மற்றவரிடையே 19 பேருக்கும் நேர்ந்தது.

எல்லாத் தொடக்கமும் இவ்வாறு முடிவதில்லை. மக்ரோலிமாப் என்ற வேறொரு மருந்தை அசாசிட்டிடினோடு சேர்த்து ஆராய்ந்த முற்பட்ட சோதனைகள் மிகுந்த ஆவலைக் கிளப்பின. அதனை அசாசிட்டிடின், வெனெட்டோகிளாக்ஸ் இரண்டோடும் மூன்றாவதாகச் சேர்த்துப் பெரிய அளவில் ஒப்பிட்டுப் பார்த்தபோது எதிர்பார்த்த பயன் கிட்டவில்லை; மரண ஆபத்தும் கூடியதாகக் காணப்பட்டது. 2024ஆம் ஆண்டில் அச்சோதனை நிறுத்தப்பட்டது. இரண்டு நன்றாயின் மூன்று இன்னும் நன்று என்ற எளிய கணக்கு மருத்துவத்திற் செல்லாது. செய்தித்தாளிற் புதிய மருந்தொன்றின் பெயரைக் காணும்போது, அது எத்தனை பேரிடம், எந்தக் கட்டத்தில், எதனோடு ஒப்பிட்டு ஆராயப்பட்டது என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பழகுதல் நலம்.

இவற்றினும் முதன்மையான கேள்வி ஒன்று எஞ்சி நிற்கிறது. இத்தகைய சோதனையிற் சேரலாமா என்று ஒரு முதியவரிடம் கேட்கும்போது அவருக்கு என்ன சொல்லப்படுகிறது? 1964இல் உலக மருத்துவச் சங்கம் ஹெல்சிங்கி நகரில் வெளியிட்ட பிரகடனம், ஆராய்ச்சிக்கு உட்படுவோர் விவரம் அறிந்து, தம் விருப்பத்தால் இசைதல் வேண்டும் என வற்புறுத்துகிறது. ஆனால் உயிருக்கு அஞ்சி நிற்பவரின் செவியில் ‘சோதனை’ என்ற சொல்லும் ‘சிகிச்சை’ என்றே விழும். முதற்கட்டச் சோதனையால் தமக்குப் பயன் கிட்டலாம், கிட்டாமலும் போகலாம். பின்வருவோர்க்கு உதவும் அறிவு கிட்டுவது அதன் முதல் நோக்கம் என்பதை அவர் ஐயமின்றி உணர்ந்த பின்னரே கையொப்பம் பெறல் வேண்டும். மறுத்தாலும் அவருக்குரிய பராமரிப்பு ஒரு சிறிதும் குறையாது என்பதையும் சொல்லுதல் வேண்டும்.

இங்கே குடும்பத்தாருக்கும் ஒரு கடமை உண்டு. தந்தைக்கு நோயின் பெயரைச் சொன்னால் மனம் உடைந்துவிடுவார் எனக் கருதி, பிள்ளைகளே வைத்தியரோடு பேசி முடிவெடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அன்பினால் விளைவதே அது. எனினும் எஞ்சிய மாதங்களை வைத்தியசாலையிற் கழிப்பதா, வீட்டுத் திண்ணையிற் கழிப்பதா, மருந்தின் தொல்லையைத் தாங்கி நாட்களை நீட்டுவதா என்பவற்றைத் தீர்மானிக்கும் உரிமை, அம்மாதங்களை வாழப்போகிறவருக்கே உரியது. ஐந்து மாதம் என்பது புள்ளிவிவர அட்டவணையில் ஒரு சிறிய கோடு. பேரப்பிள்ளையின் திருமணத்தை எதிர்நோக்கியிருக்கும் ஒருவருக்கு அதுவே பெருங்காலம். வேறொருவருக்கோ நோவின்றி உறங்கும் ஓர் இரவு அதனினும் பெரிது. எது பெரிது என்பதை அவரைக் கேளாமல் அறியும் வழி இல்லை.

இக்கூட்டுச் சிகிச்சை இந்நோயை அடியோடு ஒழித்துவிட்டது என்று கூறுதல் மிகையாகும். தணிந்த நோய் பெரும்பாலோரிடம் ஒருநாள் மீளுகிறது. மருந்து உண்ணும் நாட்களைக் குறைத்தால் பயன் குறையாமல் தீங்கு மட்டும் குறையுமா என்ற ஆராய்ச்சிகள் இப்போதும் நடந்து வருகின்றன. ஆயினும் ஒன்று நிலைபெற்றுவிட்டது: முதியவரின் உடலுக்கு ஏற்ற அளவை இளையவரின் உடலிலிருந்து கணக்கிட்டு அறிய முடியாது, முதியவரிடமே, அவருடைய இசைவோடு, பொறுமையோடு கேட்டறிதல் வேண்டும். இன்று ஒரு வைத்தியர் 400 மில்லிகிராம் என்று மருந்துச் சீட்டில் எழுதும்போது, அந்த எண் எளிதாகத் தோன்றுகிறது. எழுபதைக் கடந்த பலர், தமக்குப் பயன் கிட்டுமோ கிட்டாதோ என்று அறியாமலே முன்வந்து, தம் உடலால் அளந்து தந்த எண் அது.